எழுத்து மாறிய கடிதம்

கூடத்திலிருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம், மத்தளத்தை ஒரே ஒருமுறை தட்டியதுபோல.

அடுப்படியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த இசபெல்லாவின் கை நின்றது. கூடத்து லேப்டாப்பைத் திறக்கும்போது வருகிற வழக்கமான இசை எங்கே போனது?

“அண்ணி, வாங்க! லினக்ஸ் ஏறிடுச்சு. இனிமே வைரஸ் கவலையே வேணாம்!” கூப்பிட்டவர் தெட்சிணாமூர்த்தி. அவள் கணவர் சார்லஸோடு கல்லூரியில் வேலை பார்த்தவர். பழைய விண்டோஸை நம்பக் கூடாது என்று அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். “அந்தக் கடுதாசி இருக்கா தம்பி?”

“எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்துவச்சு, திரும்பப் போட்டாச்சுங்க. இதோ.”

அவள் தடுப்பதற்குள் திறந்துவிட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் நோய்ப் படுக்கையில் சார்லஸ் தானே தட்டச்சு செய்த கடிதம் அது. “கல்யாணத்தன்னைக்கு ஜெமிமாதான் இதத் தொறக்கணும். நீ படிச்சிடாத” என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம். இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

திரையில் தமிழே இல்லை. kfNs n[kpkh என்று ஏதேதோ கிடந்தது.

“ஃபைல் கெட்டுப்போச்சோ?” தெட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்தார்.

“பழையபடி மாத்திடுங்க!”

“பழசத்தான் அழிச்சுட்டேனே அண்ணி...”

“அப்ப அவரு ரெண்டாந் தடவையும் செத்துட்டாரா?” அவள் நாற்காலியில் சரிந்தாள். கண்ணீர் விசைப்பலகைமேல் சொட்டியது. துடைக்கப் போன விரல்கள் அப்படியே நின்றன.

பத்திரம் எழுதுபவரிடம் இருபத்தாறு வருடம் தமிழ்த் தட்டச்சு அடித்த விரல்கள். ஆங்கில எழுத்துப் போட்ட விசையில் தமிழைத் தேடும் வித்தையை சார்லஸுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

திரையில் முதல் எழுத்து k. வலக்கையின் நடுவிரல் தானாக அந்த விசைக்குப் போனது. ‘ம’. அடுத்தது f. இடது ஆள்காட்டி விரல். ‘க’. பிறகு இரட்டைக் கொம்பு, ‘ள’.

“மகளே...” என்றாள்.

“என்னது?”

“மகளேன்னு அடிச்சிருக்காரு தம்பி. கடுதாசி உசுரோடதான் இருக்கு!”

தெட்சிணாமூர்த்தி தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட! இதுல அந்தப் பழைய தமிழ் ஃபான்ட் இல்ல, அதான் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது, அவ்வளவுதான். வீட்டுல இருக்கு, நாளைக்கே கொண்டாந்து போடுறேன். சரி, அடுத்த வரியில என்னங்க எழுதியிருக்காரு?”

அடுத்த எழுத்துகளுக்கு விரல்கள் துடித்தன. படித்துவிட்டால் வாக்கு என்னாவது? படிக்காவிட்டால் இந்த மனம் என்னாவது? எது சரி என்று அவளுக்கு விளங்கவில்லை. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“அது எனக்கு இல்ல தம்பி. மூடிடுங்க.”

அவர் மூடினார். வறுத்த மீனைப் பொட்டலமாகக் கட்டி அவள் கொடுத்தாள்.

“ஃபான்ட மறந்துடாதீங்க.”

“மீன் தின்னுட்டு மறப்பனா?”

அவர் படி இறங்கினார். அவள் கதவைச் சாத்தி, விரல்கள் உள்ளே லேப்டாப்பிடம் ஓடிவிடாதபடி தாழ்ப்பாளையே பிடித்துக்கொண்டு நின்றாள்.