வாடகை போக இன்னும் என்ன?

எங்கள் பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். மண்டபம் பார்க்க வருகிறவர்கள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டினால் அவளுக்குக் கோபம் வரும். "கரண்ட்டு? கேஸு? பெருக்குற ஆளு? ஜெனரேட்டரு ஓடினா டீசலு? அதெல்லாம் யாரு கேப்பா?" என்று அவளே கேட்டு, அவளே கூட்டிச் சொல்வாள். மிரண்டு போய் வேறு மண்டபம் பிடித்தவர்களும் உண்டு. முதலாளி பல்லைக் கடிப்பார்.

அவள் புருஷன் அரிகிருஷ்ணன் நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அடிவயிற்றில் குடலிறக்கம். இருமினால் கையை வைத்து அழுத்திக்கொள்வார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் செய்துகொள் என்று டாக்டர் சொல்லி இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. மனிதர் அசையவில்லை. "உள்ள போனா எவ்ளோ ஆவும்னு யாராச்சும் சொல்றாங்களா? ஒருத்தன் அம்பதுன்றான், ஒருத்தன் லட்சம்ன்றான்" என்பார். கண்ணால் பார்த்தே மூட்டை எடை சொல்கிறவர், எடை தெரியாத செலவுக்குத் தோள் கொடுக்க மாட்டேன் என்றார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆடி பிறந்தது. மண்டபம் காலி. சாமுண்டீஸ்வரி என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பில் கவுண்டரில் வெண்மதி என்ற பெண் இருந்தாள். பேக்கேஜ் ஐம்பத்தைந்தாயிரம் என்றாள்.

"சரிம்மா. அதுல இன்னா இன்னா வருது? இன்னா இன்னா வராது?"

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். டாக்டர், தியேட்டர், மயக்க மருந்து, சாதா ரூம் எல்லாம் உள்ளே. ஸ்கேன், ரத்த டெஸ்ட், குடல் மறுபடி பிதுங்காமல் வயிற்றில் வைத்துத் தைக்கிற வலை, மருந்து மாத்திரை எல்லாம் வெளியே. ஏசி ரூம் கேட்டால் ரூம் வாடகையோடு டாக்டர் பீசும் சேர்ந்து ஏறும்.

"ஆடிக்கு எதுனா கொறைப்பீங்களா?" என்றாள் இவள். மண்டபத்தில் ஆடிக்குப் பாதி வாடகை, அந்தப் பழக்கதோஷம். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

வெண்மதியும் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இல்லக்கா. ஆமா, அவருக்கு இன்னா வேலை?"

"மூட்டை தூக்குறாரு."

"அப்ப மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. அதையும் சேத்துக்குங்க."

ஊருக்கெல்லாம் வாடகை போக ஆகிற செலவைச் சொல்கிறவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை. எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராத செலவு இது. பஸ் ஸ்டாண்டில் சாமுண்டீஸ்வரி சொன்னாள். "அந்த மனுசன் பயந்தது இதுக்குத்தான். கூலி இல்லாம வூட்ல குந்தினு இருக்கணுமேன்னு. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு பில்லு மேல பழியப் போட்டிருக்காரு."

சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் அவளிடம் இருந்தது. அதைத் தனியாரில் கட்டிவிட்டால் மூன்று மாதம் அடுப்பு எரியாது. அரசு மருத்துவமனையில் போய் விசாரித்தாள். ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம். போக வர, சாப்பாடு, கூட இருக்கிற ஆளின் செலவுதான். அன்று சாயங்காலமே புருஷனை உட்காரவைத்து, இவ்வளவு ஆகும், மிஞ்சிப்போனால் இவ்வளவு, அதற்கு மேல் போகாது என்று சொன்னாள். மூன்று மாதக் கூலியும் அதற்குள் இருந்தது. அவர், "அப்ப போவலாம்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை நான் ரசம் கொண்டுபோனேன். கமிட்டியில் சனிக்கிழமைதான் கூலி நாள். சாமுண்டீஸ்வரி சீட்டுப் பணத்திலிருந்து ஒரு வாரக் கூலியை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"இன்னாது இது?"

"கூலி. தூக்காம இருக்கறதுக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எல்லாச் சனிக்கிழமையும் செய்வதுபோல டீக்காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவளிடமே கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்கூட தூக்குறானே வீராசாமி, அவனுக்கும் இதே இருக்குது. துணிய இறுக்கிக் கட்டிக்கினு தூக்குறான். அவனுக்கு எவ்ளோ ஆவும்னு பாத்துச் சொல்றியா?" என்றார்.

"வரச் சொல்லுங்க. வாரத்துக்கு எவ்ளோ கூலி வாங்குறாருன்னுதான் மொதல்ல கேக்கணும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.