தார் அடைத்த இறக்கை

காலை ஆறே முக்காலுக்கு, வற்றிய நீர்த்தேக்கத்தின் சேற்றிலிருந்து பழைய போர் விமானமொன்றின் இறக்கையைக் கரைக்கு இழுத்தார்கள். விமானத்தைப் பழையபடி ஆக்க வந்த குழு அது.

வெயில் பட்டதும் தார் மணத்தது. அணை கட்டி இந்தத் தண்ணீரில் ஊர் மூழ்குமுன், தெல்தெனியவில் எங்கள் தேநீர்க்கடைக்கு அந்த இறக்கைதான் கூரை. மழைக்கு முன் அப்பா ஏறி, ஆணித் துளைகளில் தாரைக் கட்டைவிரலால் அழுத்தி அடைப்பார்.

"சண்டைக்குப் போன பிளேன், தூறலுக்கே ஒழுகுது," என்பார் அம்மா.

"டீ தண்ணியா இருக்குன்னு யாராச்சும் சொன்னா, கூரையக் காட்டு," என்பார் அப்பா.

ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் லொறியில் அதற்கு இடமில்லை.

இறந்துபோன அப்பாவின் விரல் தடம் ஒரு துளையில் அப்படியே இருந்தது. குழுவிலிருந்த இளைஞரிடம், "இத மட்டும் விட்டுடலாமா தம்பி?" என்றேன்.

"முடியாதுங்க. மொதல்ல இருந்த மாதிரியே இருக்கணும்."

மத்தியானத்துக்குள் தாரையெல்லாம் சுரண்டி முடித்தார்கள்.