கேட்காத சத்தத்துக்கு அழுத்திய பட்டன்

என் தங்கையின் கணவருக்குப் போஸ்டர்களில் 'டிஜே தண்டர்' என்று பெயர். வீட்டில் நாங்கள் 'இடி' என்போம். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வரம் சிலருக்கு வாய்த்துவிடுகிறது.

நான் காது மருத்துவமனை ஒன்றில் செவித்திறன் பரிசோதகராக இருக்கிறேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். இப்படி ஒருத்தி குடும்பத்திலேயே இருக்கும்போது காதைக் கெடுத்துக்கொள்ள ஒருவருக்குத் தனித் திறமை வேண்டும். இடிக்கு அது தாராளமாக இருந்தது.

தங்கைக்குக் கல்யாணமான புதிதில் அவருடைய நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனேன். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு அவர் முகத்தைப் பார்த்தே நின்றன. அடுத்த பாட்டைச் சரிபார்ப்பதற்காக இடது காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தார். ஸ்பீக்கர் சத்தத்தை மீறி அது கேட்க வேண்டுமே, அதனால் அதையும் முழுதாக ஏற்றிவைத்திருந்தார். ஐந்து மணி நேரம் அப்படியே நின்றார். நடுவில் ஐந்து நிமிடம் வெளியே போய்க் காதுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

மறுவாரம் ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். இசைக்காரர்களுக்கென்றே செய்தது. பாட்டின் தெளிவு கெடாமல் சத்தத்தின் அளவை மட்டும் குறைக்கும்.

"காத மூடிட்டு டிஜே பண்றதும் கண்ண மூடிட்டு வண்டி ஓட்டுறதும் ஒண்ணு அண்ணி," என்றார், பெரிய தத்துவம் சொன்ன மிதப்போடு.

"நிகழ்ச்சி முடிஞ்சு வந்தா காதுல உய்ய்னு கேக்குதா மாப்பிள்ள?"

"அது கேக்கலன்னாதான் அன்னிக்கு ஷோ சரியில்லன்னு அர்த்தம்."

சில நாள் கழித்து அவர் காரில் நான் ஏறியபோது, கடகடவென்று ஆடும் ஜன்னல் கண்ணாடியின் இடுக்கில் அந்த இரண்டு அடைப்பான்களும் செருகியிருந்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்ட என்னையும் அவர் காதைக் கெடுத்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பதினோரு வருடம் ஓடியது. ஒரு நாள் காலை, தங்கையையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே வந்து நின்றார். பயணக் கப்பல் ஒன்றில் பாட்டுப் போடும் வேலை கிடைத்திருந்தது. காது நன்றாக இருப்பதாக ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டுமாம்.

"சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணி. குடும்பத்துக்குள்ள எதுக்கு டெஸ்ட்டெல்லாம்?"

"குடும்பங்கிறதாலதான் டெஸ்ட்டு. உள்ள போய் உக்காருங்க."

எல்லோரையும் எனக்கு முதுகு காட்டித்தான் உட்காரவைப்பேன். இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "உங்க முகத்தப் பாத்தாத்தான் தெம்பா இருக்கும்" என்று ஒரு காரணம் வேறு. சரியென்று விட்டேன்.

தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கெல்லாம் சரியாக அழுத்தினார். மேலே போகப் போகவும் அழுத்தினார். எனக்கு உதைத்தது. பதின்மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் காது இப்படி இருக்க முடியாது. அறையின் கண்ணாடி வழியாக அவரைக் கவனித்தேன். ஒலியை அவர் கேட்கவே இல்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசையைத் தொடும்போதெல்லாம் தோள் கொஞ்சம் அசைகிறது. உடனே பட்டனை அழுத்திவிடுகிறார்.

ஹெட்போன் வயரை இயந்திரத்திலிருந்து பிடுங்கினேன். பிறகு பழையபடி விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டினேன். பதினோரு முறை தட்டினேன். பதினோரு முறையும் அழுத்தினார், தலையை வேறு ஆட்டிக்கொண்டு.

கதவைத் திறந்து, பிடுங்கிய வயரை அவர் கண்முன் தூக்கிப் பிடித்தேன். பள்ளிக்கூடப் பரீட்சையில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்டவன் முகத்தில்கூடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

"மெஷின் ரொம்பப் பழசு போல," என்றார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை முடிவு ஒழுங்காக வந்தது, அதாவது மோசமாக வந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் மேல்சுருதிகளில் பள்ளத்தில் விழுந்தன. ஹெட்போன் அழுத்திய இடது காதின் கோடு இன்னும் ஆழத்தில் கிடந்தது. மருத்துவரும் பார்த்தார். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

தங்கை மெல்லக் கேட்டாள்: "அப்போ சமையல்கட்டுலேருந்து நான் கூப்பிடுறப்பல்லாம், நீங்க வேணும்னே பேசாம இருக்கல?"

"நீ கூப்பிடுறதே எனக்குத் தெரியாது."

"நான் திட்டினது?"

"அதுவும் பாதி கேக்கல."

"ஆறு வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே, அம்புட்டும் வீணா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டு உடனே அழுதாள்.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவர் என் பக்கம் குனிந்தார். போஸ்டரில் இருக்கும் ஆள் இல்லை அது. "அண்ணி, விசில் மாதிரி ஒண்ணு. விடாம கேட்டுக்கிட்டே இருக்கு. ஃபேன் ஓடினாத்தான் தூக்கம் வருது. நின்னுடுமா?"

"நிக்கும்னு சொல்ல முடியாது," என்றேன். இன்னும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கப்பல் வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். மேல்சுருதி தனக்குக் கேட்காததால் அதை ஏற்றிக்கொண்டே போக, ஒரு மண்டபத்தில் விருந்தாளிகள் தட்டோடு எழுந்து வெளியே போனார்கள். மேலாளர் வந்து மின்இணைப்பையே பிடுங்கினார். அதன் பிறகுதான் என்னிடம் வந்து காதின் அச்செடுத்து அடைப்பான் செய்துகொண்டார். ஸ்பீக்கர்களைத் தள்ளிவைத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் நிற்கிறாராம்.

இதோடு விட்டாரா என்றால், இல்லை. இப்போது ஊரிலுள்ள டிஜேக்களையெல்லாம் கூட்டி வைத்துக் காதுப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிறார். ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "நான் ஆரம்பத்துலேருந்தே இதச் சொல்லிட்டிருக்கேன்" என்று கண் இமைக்காமல் பேசினார். என் வாசகங்கள், என் எச்சரிக்கைகள், எல்லாம் அவர் வாயில். வகுப்பு முடிந்ததும் என்னைக் காட்டி, "எங்க அண்ணி. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப ஒத்தாச" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

போன மாதம் அந்த வகுப்பிலிருந்து எட்டுப் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். ஆறு பேருடைய கோடு இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேருக்குச் சுத்தமாக இருந்தது. கோடு இறங்கியிருந்த ஒருத்தி தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே நடுக்கூடத்தில் நின்றாள். அவர்களை அனுப்பிவைத்தது இடிதான், மறுக்கவில்லை. அதற்காக நான் அவரை மதிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.