எட்டு போட்ட எல் போர்டு

இருபத்தாறு வருடமாக அடுத்தவருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிற ஒருவரின் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது திரையில் ஒரு லாரி சறுக்கினால் போதும், அவர் கால் தரையை ஓங்கி மிதிக்கும். “அங்க பிரேக் இல்லம்மா, டைல்ஸ்தான் இருக்கு” என்பார் எலக்ட்ரீசியனான கணவர். ஓட்டுநர் பள்ளியில் எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா.

பள்ளி என்றால் ஓர் அலுவலக அறை, இரண்டு பழைய கார்கள், பின்னால் மதில் சுவர் வைத்த மைதானம். அதன் மூலையில் ஒரு காலத்தில் வேன் நிறுத்திய தகரக் கொட்டகை. அது காலியாகக் கிடப்பது தெரிந்துதான் கால்நடை மருத்துவர் ஒரு காலையில் போன் செய்தார்.

“அக்கா, ரெண்டே ரெண்டு வாரம். ஒரு குதிரைக்கு இடம் வேணும்.”

“குதிரையா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கியர் வண்டிதான் டாக்டரம்மா.”

“பூட்டிக் கெடந்த ஒரு குடோன்ல இருந்து மீட்டாங்க. யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆஸ்பத்திரில நிறுத்த இடமில்ல அக்கா.”

யோசிக்கலாம் என்று அக்கா நினைப்பதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது.

மதியம் லாரியிலிருந்து இறங்கியது ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். குளம்புகள் நீளமாக வளர்ந்து நுனியில் சுருண்டிருந்தன. மூக்கின் மேல் கயிறு அறுத்த பழைய தழும்பு. லாரிக்காரர் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அது சுவரோடு ஒண்டிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கியது.

நான்கு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்ற வங்கிக்காரர் ஒருவர் அன்று பயிற்சிக்கு வந்திருந்தார். “பாவம், ஸ்டியரிங் பிடிச்ச என்னை மாதிரியே நடுங்குது அக்கா” என்றவர், காரில் இருந்த சிவப்பு எல் போர்டைக் கழற்றிக் கொட்டகை வாசலில் மாட்டிவிட்டார். அதுவே பெயராகிவிட்டது.

“பாவம்னு அள்ளிப் போட்டுடாதீங்க” என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். “பட்டினி கெடந்த வயிறு. ஒரேயடியா சாப்ட்டா உயிருக்கே ஆபத்து.” ஊறவைத்த காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வகுப்புக்கும் வாளிக்கும் இடையில் அக்கா பம்பரமாகச் சுழன்றார். குதிரை வளர்க்கிற வயசா இது என்று முணுமுணுத்த கணவர் மூன்றாம் நாள் ஏணியோடு வந்து நின்றார். “ஃபேன் மாட்டப் போறேன். பேரிங் புதுசு, சத்தமே வராது. அது பயப்படாது.”

பயந்தவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது அக்காவுக்கு அத்துப்படி. முதல் நாள் அவர் இன்ஜினையே தொடவிட மாட்டார். நின்ற காரில் சும்மா உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவார். இங்கேயும் அதையேதான் செய்தார். கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அன்றைக்கு யார் கிளட்சை எப்படிப் பாடாய்ப் படுத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது நாள் பிடரியில் சூடாக மூச்சுக் காற்று பட்டது. அக்கா சிலையாகிவிட்டார். அது பின்வாங்கியதும் போனை எடுத்தார்.

“டாக்டரம்மா! மூக்கு! என் கழுத்துல மூக்கு!”

“யாரு மூக்கு அக்கா?”

“எல் போர்டு மூக்கு!” என்று துள்ளினார் அக்கா.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சேதி இருந்தது. கையிலிருந்து புல் வாங்கியது. கழுத்தைத் தடவவிட்டது. குளம்பு வெட்டுபவர் மூன்று தடவை வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக் காலை நேராக்கினார். கற்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள்: வண்டி இழுத்திருக்கும், பந்தயத்தில் ஓடியிருக்கும். அக்காவிடம் ஒரே கதைதான். யாரோ ஒரு பாவி இதை அடித்தே சீரழித்திருக்கிறான். முகம் தெரியாத அந்த ஆளோடு அவர் புல் நனைக்கும்போதெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, மைதானத்தில் அவிழ்த்துவிடலாம் என்றார் மருத்துவர். கார்களை வெளியே நிறுத்தி, கேட்டைச் சாத்தினார்கள். கற்க வந்தவர்கள் கம்பிக் கதவுக்கு வெளியே மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அக்கா கயிற்றை அவிழ்த்துவிட்டு விலகினார்.

குதிரை சிறிது தூரம் நடந்தது. தரையை முகர்ந்தது. கார் பழகுவதற்காகச் சுண்ணாம்பால் பெரிதாக வரைந்திருந்த எட்டின் வாயில் வந்து நின்றது. ஒரு காது முன்னால், ஒரு காது அக்கா பக்கம். சட்டென்று கழுத்தை வளைத்து ஓடத் தொடங்கியது. மெல்ல, தாளம் தப்பாமல், இடப்பக்க வட்டத்தைச் சுற்றிவந்து, நடுவில் ஒரு துள்ளல் துள்ளி முன்வைக்கும் காலை மாற்றி, வலப்பக்க வட்டத்துக்குள் நுழைந்தது. ஓரத்தில் அடுக்கிய டயர் ஒன்றில்கூட இடிக்கவில்லை. முழு எட்டு! மறுபடியும் ஓர் எட்டு!

“ஐயோ, எட்டு போடுதுங்க!” என்று கத்திவிட்டார் வங்கிக்காரர். அக்கா ஒரு முறை முறைத்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மருத்துவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, நடுவுல கால் மாத்துச்சே! அது தானா வராது அக்கா. யாரோ உக்காந்து, மாசக்கணக்கா, பொறுமையா சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“அப்ப அடிச்சது யாரு?”

“அது வேற ஆளா இருக்கலாம். எத்தன கை மாறுச்சோ.”

அக்கா குதிரையையே பார்த்தார். இத்தனை நாள் சண்டை போட்ட ஆளைத் தவிர, தன்னைப் போலவே இதன் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவரும் இருந்திருக்கிறார். அவர் யார், ஆணா பெண்ணா, இருக்கிறாரா இல்லையா? மருத்துவர் எங்கெங்கோ விசாரித்தார். துப்பு எதுவும் கிடைக்கவில்லை.

“குதிரையே போட்டுடுச்சு, இனி நான் என்ன சாக்கு சொல்ல?” என்று வங்கிக்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்வுக்குப் போய் லைசென்ஸோடு வந்தார்.

இரண்டு வாரம் நான்கு மாதமானது. “நீங்க எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டாலும் அதுக்கு இன்னொரு குதிரை துணை வேணும் அக்கா” என்றார் மருத்துவர். ஊருக்கு வெளியே, ஓய்வுபெற்ற குதிரைகளை வைத்திருக்கும் பண்ணையில் இடம் கிடைத்திருந்தது. அக்கா மூன்று நாள் சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் தானே லாரிக்குச் சொல்லி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பண்ணை வேலிக்குள் லாரியின் பலகை வழியாக இறங்கிய குதிரை அப்படியே நின்றுவிட்டது. மேட்டின் மேல் மூன்று குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதன் மூக்குத்துளைகள் விரிந்தன. உடம்பெல்லாம் ஓர் உதறல். பிறகு தலையை உயர்த்தி, பண்ணையே அதிரக் கனைத்தது. நான்கு மாதத்தில் அக்கா அதன் குரலைக் கேட்பது அதுவே முதல் தடவை. மேட்டிலிருந்து பதில் வந்தது. அடுத்த கணம் அது பறந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ஐம்பத்தொரு வயது அக்காவும் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார், மூச்சிரைக்க, கண்ணில் நீர் வழிய, வாயெல்லாம் பல்லாக.

ஓடிக்கொண்டே கணவருக்குப் போன் போட்டு, அதை வேலிப் பக்கம் நீட்டினார்.

“ஏங்க, கேக்குதா? கேக்குதா?”

“கேக்குது, கேக்குது! அதுல எதும்மா நம்மளது?”

“இருக்கறதுலயே பெரிசா கத்துது பாருங்க, அதுதான்!”