பையில் அதிர்ந்த கன்ட்ரோலர்

சண்டை விளையாட்டுக்காரர்கள் அவனைக் கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்திரண்டு. திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் அந்த வீடியோ கேமில் பல வருடமாக முன்வரிசை ஆள். பகலில் கூரியர் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவான். அங்கேயும் விரல்கள் அட்டைமேல் அடிகளைப் பழகிக்கொண்டே இருக்கும். தோற்ற அன்றும் தூக்கம் வராது, ஜெயித்த அன்றும் வராது. அந்த வருடம் உலகப் போட்டிக்கு மிச்சமிருந்தது ஒரே இடம்; அன்றைய போட்டியில் கோப்பை வெல்பவருக்கு அது.

அரையிறுதியில் ஜெயித்ததும் வயரில்லாத கன்ட்ரோலரைப் பையில் திணித்துக்கொண்டு, அக்கா பக்கத்தில் வந்து விழுந்தான். அக்கா முதியோர் இல்லத்தில் நர்ஸ். தம்பி ஆடுவதைப் பார்க்க அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தாள்.

"எழுந்து எழுந்து உக்காராதேடா. எங்க இல்லத்துல தொண்ணூறு வயசுக்காரர்கூட உன்னைவிட அடக்கமா இருப்பார்."

மேடையில் அடுத்த அரையிறுதி. வலப்பக்கம் தாடிக்காரன்; வருடம் முழுக்கக் கிழவனிடம் தோற்றவன். இடப்பக்கம் 'குட்டி' என்கிற கல்லூரிப் பெண். கிழவனைப் பார்த்தபோதெல்லாம் மண்ணைக் கவ்வவைத்தவள். கடைசிச் சுற்றில் குட்டியின் கை ஓங்கியிருந்தது.

மடியில் பை அதிர்ந்தது. போன் என்று நினைத்து உள்ளே கைவிட்டுத் துழாவினான். மேடையில் ஆட்டம் அப்படியே உறைந்து நின்றது.

நடுவர் திரையைப் பார்த்தார். "நிறுத்தினது இடப்பக்கம். நிறுத்தினா சுத்து போச்சும்மா, உனக்கே தெரியும்."

"நான் தொடவே இல்லண்ணா!"

கிழவனின் விரல் கன்ட்ரோலரின் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அதில் விளக்கும் எரிந்தது. சற்றுமுன் அவன் ஆடியதும் அதே இடப்பக்கம்தான். எழுந்த அவசரத்தில் இணைப்பைத் துண்டிக்க மறந்திருக்கிறான். வாயைத் திறக்காவிட்டால் இறுதியில் தாடிக்காரன். உலகப் போட்டி கைக்கெட்டும் தூரம். திறந்தால் குட்டி; போதாக்குறைக்கு, ஆட்டத்தைக் கெடுத்த தண்டனையாக இறுதியில் அவளுக்கு ஓர் ஆட்டம் இனாம்.

"என்னடா மினுக்குது உள்ளே?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

மேடையில் குட்டி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கெட்டவார்த்தையை மென்று விழுங்கிவிட்டு எழுந்து, கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினான்.

"என்னுதுங்க. தப்பு என்னுது."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. தாடிக்காரன் முறைத்தான். விட்ட இடத்திலிருந்து ஆடி, குட்டி ஜெயித்தாள்.

இறுதியில் மூன்று ஆட்டத்தை முதலில் எட்டுபவருக்கு வெற்றி. குட்டி இனாம் ஒன்றோடு தொடங்கினாள். ஆளுக்கு இரண்டு ஜெயித்தபோது பலகை மூன்றுக்கு இரண்டு என்றது. கோப்பையும் உலகப் போட்டியும் அவளுக்கு.

ஆள்கள் மேடையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். கிழவனால் படியிறங்க முடியவில்லை. ஆடாத அந்த ஓர் ஆட்டம் பல்லிடுக்கு நாராக உறுத்தியது.

"குட்டி, அதையும் ஆடிப் பாத்துடலாமா?"

"நீங்க ஜெயிச்சாலும் போறது நான்தாண்ணே."

"தெரியும். உக்காரு."

அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பஸ் போயிடும்டா!" என்றாள் அக்கா கீழிருந்து.

அவன் அதற்குள் முதல் அடியை வாங்கியிருந்தான்.