பூசையறையில் இருந்த மூன்று போத்தல்கள்

என் மனைவி தாவரவியல் ஆசிரியை. ஓய்வு பெற்றபோது அவளிடம் எஞ்சியிருந்தது ஒரேயொரு வெள்ளை ஓர்க்கிட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு மாரியில் அதன் அடி அழுகத் தொடங்கியது. செடி பிழைக்காது, நுனிக்குருத்தை அரிந்து போத்தலுக்குள் வளர்த்தால் அதன் வம்சவழியையாவது காப்பாற்றலாம் என்றாள். இழைய வளர்ப்பு என்று அதற்குப் பெயர் சொன்னாள்.

போரினால் மின்சாரம் இல்லாத காலம். குசினியே ஆய்வுகூடமாயிற்று. பழைய மாணவி ஒருத்தி தேடித் தந்த உப்புகளோடு கடற்பாசியும் சீனியும் இளநீரும் சேர்த்து அவள் காய்ச்சிய களியைப் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் வைத்து விறகடுப்பில் அவித்தோம். தூசி விழாதபடி சரித்து வைத்த மீன்தொட்டிக்குள் கைவிட்டு, தீயில் காட்டிய அலகால் கடுகளவு குருத்தை அவள் அரிந்தபோது நான் மூச்சடக்கி நின்றேன். பெருகியதைப் பிரித்து வைத்த போத்தல்களில் பலவற்றைப் பூஞ்சணம் தின்றது. மூன்று தேறின. தாய்ச்செடி அதற்குள் மடிந்துவிட்டது.

"இதுகளை எங்கை வைக்கிறது?" என்றேன்.

"சுவாமியறையிலை. வீட்டிலை தூசியில்லாத அறை அதுதான். யன்னல் வெளிச்சமும் விழும்."

"சாம்பிராணிப் புகை?"

"அது உங்கடை சுவாமிக்கே மூச்சு முட்டுது. கொஞ்ச நாளைக்குக் குறையுங்கோ."

நாள்தோறும் பதிகம் ஓதி முடித்தபின் அந்தப் பச்சைத் துளிர்களைப் பார்ப்பேன். முதற்பூ எம்பெருமான் திருவடிக்கு என்று மனத்துக்குள் நேர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து குளிக்காமல் அவற்றைத் தொட்டதில்லை.

மாசியில் அவளுக்கு நெஞ்சுவருத்தம் முற்றியது. படுக்கையிலிருந்தபடியே சொன்னாள்: "களி வத்துது. கெதியிலை புதுப் போத்திலுக்கு மாத்தவேணும். எனக்கு ஏலாட்டிலும் தங்கச்சிக்குத் தெரியும். விட்டிடாதேங்கோ."

"ஓம், விடமாட்டன்" என்றேன். மூன்றாம் நாள் அவள் சிவபதமடைந்தாள்.

எங்கள் வழக்கப்படி சாவுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரை பூசையறையில் விளக்கேற்றுவதில்லை, உள்ளே போவதுமில்லை. யன்னலை அடைத்துக் கதவைப் பூட்டினேன்.

எட்டாம் நாட் சடங்குக்கு மறுநாள் அவளுடைய தங்கை வந்தாள்.

"அத்தான், அக்காவின்ரை போத்திலுகளைத் தாங்கோ. மாத்திவிடுறன்."

"துடக்கோடை சுவாமியறை திறக்கிறதோ, பிள்ளை?"

"அக்கா சுவாமிக்கு நேந்தே உதுகளை அங்கை வைச்சவ? தூசிக்குப் பயந்து வைச்சவ."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்."

"செடிக்கு என்ன துடக்கு, அத்தான்?"

 அவள் மேலும் இருமுறை வந்து கேட்டாள். பூட்டின் திறப்பு என் இடுப்பிலேயே இருந்தது. கைவைக்காமல் இருப்பதே பக்தி என்று எண்ணியிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, வீடு கழுவிக் கதவைத் திறந்தோம். களி வற்றிக் கண்ணாடியோடு தோலாக ஒட்டியிருந்தது. இலைகள் வெளிறி, அடி கறுத்துப்போயிருந்தன. மைத்துனி ஒவ்வொரு போத்தலையும் யன்னலடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஒண்டும் தப்பேல்லை, அத்தான்" என்றாள். அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் போனபின் விளக்கேற்றி அமர்ந்தேன். ஓதவேண்டிய பதிகம் முழுதும் நினைவில் நின்றது. வாய் திறக்க வெட்கமாயிருந்தது.