தீப்பிடித்த வீட்டுக்குப் பட்டுச்சேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாக்கா டவுனில் ஒரு போட்டோ கடையில் எனக்கு வேலை. ஒருநாள் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் அருளப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் முனியம்மாவின் வீடு அடுப்பு நெருப்பு தாவி எரிந்துவிட்டதாம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டின துணி தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வீட்டைத் திரும்பக் கட்ட மனசில்லை. குடும்பத்தையே வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறாராம்.

"அக்கம்பக்கத்துச் சனம் அழுது மாயுது தம்பி. அந்த மூஞ்சிங்கள அப்படியே புடிச்சுக் குடு. துரை பாத்தா மனசு எளகணும்" என்றார்.

போய்ப் பார்த்தால் நிஜமாகவே அழுகை. பக்கத்து வீட்டுத் தாயம்மா, முனியம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ போய்ட்டா நான் யாருகூடடி மரத்துல பால் வெட்டப் போவேன்?" என்று கதறினாள். சட்டென்று ஸ்டாண்டை நட்டு, கேமராவை ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராக் கண்ணாடியில் கருகின தூண்கள் மட்டும் தலைகீழாக நின்றன. ஒரு ஆளைக் காணோம்.

படம் என்றதும் எல்லாரும் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். மூஞ்சி கழுவி, பவுடர் பூசி, தீபாவளிச் சேலையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். முனியம்மாவுக்கு மாற்றுத்துணி ஏது? தாயம்மா தன் கல்யாணப் பட்டை அவளுக்குச் சுற்றிவிட்டாள். எதிர்வீட்டுக்காரியின் சங்கிலி கழுத்தில் ஏறியது. இன்னொருத்தியின் ரவிக்கை தோளைவிட்டு வழிந்தது.

"அம்மா, கொஞ்சம் அழுதாப்பல நில்லுங்க" என்று கெஞ்சினேன்.

தாயம்மா முறைத்தாள். "காலத்துக்கும் இருக்கப்போற படத்துல எவளாச்சும் அழுவாளா? நீ உன் வேலையப் பாரு தம்பி."

பார்த்தேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். கழுவிக் காயவைத்த படத்தைப் பார்த்துக் கிராணியார் தலையில் அடித்துக்கொண்டார். "இது எரிஞ்ச வீடா, கல்யாண வீடாய்யா?" வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனார். திட்டு விழுந்தால் பங்கு போட்டுக்கொள்ள என்னையும் இழுத்துப் போனார்.

துரை படத்தை வெகுநேரம் பார்த்தார். தோட்டத்துத் தமிழில், "வீடு எரிஞ்ச பொம்பள எது?" என்றார். கிராணியார் முனியம்மாவைத் தொட்டுக் காட்டினார்.

"இவளா? எல்லாரவிட இவதான் ஜோரா இருக்கா. பட்டு எங்க கெடச்சது?"

"அது பக்கத்து வீட்டுக்காரியோடது, துரை" என்றேன் நான்.

"செயினு?"

"எதுத்த வீடு."

"ஜாக்கெட்டு?"

"கடைசி வீடு, துரை."

துரைக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. படத்தை மேசையில் வைத்து, "வேற தோட்டத்துக்கு அனுப்பினா அங்க இவளுக்கு யாரு சேலை குடுப்பா?" என்றார். பிறகு, "ஆசாரியக் கூப்பிடு, கிராணி" என்றார்.

அதே இடத்தில் புது வீடு எழும்பியது. உள்ளே அந்தப் படம் தொங்கியது. பார்க்கப் போன எனக்குக் காப்பி கொடுத்தபடி தாயம்மா குறைப்பட்டாள்: "என் பட்ட இன்னும் தரமாட்டேங்குறா தம்பி. கேட்டா, துரை மறுபடி வந்து பாத்தா என்ன செய்யறதுங்குறா."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். படம் பிடிக்கப் போன இடத்தில் சனம் சேலை மாற்ற ஓடினால் அவசரப்படுத்தாதீர்கள். யார் சேலையை யார் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள்.